பறப்பது வாடை, காப்பது படலம்

குடகு மலையில் ஜூன் மழை இறங்கியதும் நாற்று நடவு தொடங்கும். கொடவர்களின் பழைய வழக்கப்படி அந்த மாதங்களில் துப்பாக்கியைத் தொடுவதில்லை. ஆயுதங்கள் குலவீட்டுப் பூசையறையில் இருக்கும். நடவு முடிந்து, செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போள்து திருநாளன்றுதான் அவற்றை வெளியே எடுத்துத் துடைத்து, செங்காந்தள் பூச் செருகி வணங்குவார்கள். மடிக்கேரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி கொட்டித் தீர்க்கும் அந்த மூன்று மாதமும் இரும்பும் எஃகும் அசையாமல் கிடக்கின்றன. துரு பிடிக்க இதைவிடத் தோதான சூழல் அமையாது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் கொடவர்களுக்கும், குடகில் ஜம்மா என்னும் பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்போருக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. மற்ற இடங்களில் உரிமம் பெற்று வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. தேர்தல் அறிவிப்பு வெளியானதும் பலர் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்வரை அதைத் துடைக்கவோ பார்க்கவோ முடியாது. தாத்தா விட்டுச்சென்ற இரட்டைக்குழல் துப்பாக்கி பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் பீரோவுக்குள் நிற்கிறது. அருங்காட்சியகங்களிலோ ஒரு துப்பாக்கி தலைமுறைகளைத் தாண்டி நிற்க வேண்டும்.

பீரோ பெரும்பாலும் படுக்கையறையில் இருக்கும். அதற்குள் மண்ணெண்ணெய் வாடை வீசும் ஒன்றைப் பூசி வைத்தால் துணிமணி, பத்திரம், புத்தகம் எல்லாம் அந்த வாடையை வாங்கிக்கொள்ளும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அது வெறும் தொந்தரவோடு நிற்காது. ஆகவே வாடை குறைந்த துருக்காப்பு வேண்டும் என்று கேட்பது முழுக்க நியாயமான கோரிக்கை. அது காப்பின் தரத்தைக் குறைத்துக்கொள்ளும் சமரசம் என்று பலர் நினைக்கிறார்கள். வேதியியல் சொல்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. வாடை என்பது பூச்சை விட்டுப் பிரிந்து காற்றில் ஏறிய மூலக்கூறு. காப்பு என்பது பிரியாமல் உலோகத்தின்மேல் நின்ற மூலக்கூறு. நெடுங்காலச் சேமிப்புக்கு நமக்குத் தேவைப்படுவது நிற்பதுதான்.

துரு எப்படித் தொடங்குகிறது

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் இரண்டும் வேண்டும். உலோகப் பரப்பின் ஒரு புள்ளியில் இரும்பு அணு எலெக்ட்ரான்களை இழந்து அயனியாகக் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே ஓடி வேறொரு புள்ளியில் ஆக்சிஜனையும் நீரையும் சேர்த்து ஹைட்ராக்சைடாக்குகின்றன. இரு புள்ளிகளையும் இணைக்கும் மின்பகுளியாக, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருந்தால் போதும். அதாவது துரு என்பது உலோகத்தின்மேல் இயங்கும் மிகச் சிறிய மின்கலங்களின் வேலை. விளைபொருள் நுண்துளைகள் நிறைந்தது. இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பது. அதனால் அது உலோகத்தை மூடிக் காக்காமல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அரிப்பை மேலும் உள்ளே கொண்டுபோகிறது.

அந்த நீர்ப்படலம் உருவாக மழைத்துளி விழ வேண்டியதில்லை. 1930களில் பிரிட்டனைச் சேர்ந்த டபிள்யூ. எச். ஜே. வெர்னன் காற்றின் ஈரப்பதத்தையும் உலோக அரிப்பையும் அளந்து காட்டினார். ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்போது, காற்றில் மாசும் இருந்தால், அரிப்பு திடீரென வேகமெடுக்கிறது. பரப்பில் உப்பு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சமையல் உப்பு 75 விழுக்காட்டு ஈரப்பதத்தில் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே அதைச் செய்யும். கடலோர ஊர்களில் இரும்பு ஏன் அவ்வளவு விரைவாகப் போகிறது என்பதற்கு இது முக்கியமான காரணம்.

வியர்வையிலும் உப்பு உண்டு. துடைக்காமல் விட்ட கைரேகை சில நாட்களில் அதே வடிவத்தில் துருக்கோடாக எழும்புவது இதனால்தான். இரும்பைத் தொட்டபின் கையில் எழும் ‘இரும்பு வாடை’யைக் கவனித்திருப்பீர்கள். உண்மையில் இரும்புக்கு வாடை கிடையாது. 2006இல் டீட்மார் கிளிண்டெமனும் அவருடைய கூட்டாளிகளும் இதை ஆராய்ந்து, வியர்வை பட்டுக் கரைந்த இரும்பு அயனிகள் தோலின் கொழுப்புப் பெராக்சைடுகளைச் சிதைத்து உண்டாக்கும் ஆவியாகும் சேர்மங்களே அந்த வாடை என்று காட்டினார்கள். நாம் முகர்வது நம் தோலை; ஆனால் அந்த வாடை எழுகிறதென்றால் இரும்பு கொஞ்சம் கரைந்துவிட்டது என்று பொருள். துப்பாக்கியைத் துடைத்து முடித்து உள்ளே வைக்கும் கடைசிக் கட்டத்தில் கையுறை அணியச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வாடை எங்கிருந்து வருகிறது

ஒரு பொருள் மூக்கை எட்ட வேண்டுமானால் முதலில் அது ஆவியாக வேண்டும். சிறிய, இலேசான மூலக்கூறுகள் எளிதில் ஆவியாகும். நீண்ட சங்கிலிகளைக் கொண்ட கனத்த மூலக்கூறுகள் இடத்தை விட்டு நகரா. கச்சா எண்ணெயிலிருந்து வரும் பொருட்களில் மூக்கைத் துளைப்பவை பெரும்பாலும் இலேசான கரைப்பான்களும், பென்சீன் வளையம் கொண்ட சேர்மங்களும், கந்தகச் சேர்மங்களும்தான். ஹைட்ரஜன் ஏற்றி ஆழமாகச் சுத்திகரித்த எண்ணெயில் பின்னிரண்டும் நீங்கிவிடுகின்றன. மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் அப்படிப்பட்டது: நிறமில்லை, வாடையில்லை.

தெளிப்புக் குப்பிகளில் வரும் பல பொருட்கள் இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பவை. 1953இல் சான் டியேகோவின் ராக்கெட் கெமிக்கல் நிறுவனம் உருவாக்கிய டபிள்யூடி-40ஐ எடுத்துக்கொள்வோம். அதன் பெயரே நீரை இடம்பெயர்ப்பது என்பதையும், 40ஆவது முயற்சியில் பலித்த கலவை என்பதையும் குறிக்கிறது. நனைந்த உலோகத்தின் இண்டு இடுக்கிலிருந்து நீரை வெளியேற்றுவதில் அது வல்லது. ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகும் கரைப்பான். நாம் முகரும் அந்த வாடை பறந்து முடிந்ததும் மீதியாவது மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். மழையில் நனைந்த துப்பாக்கிக்கு முதலுதவியாக அது சரி. ஓராண்டுக் காவலுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. 1903இல் பிராங்க் ஆகஸ்ட் ஹோப்பே உருவாக்கிய குழல் சுத்திகரிப்பான் போன்றவற்றின் வாடையைப் பலர் விரும்புகிறார்கள். அவை வெடிமருந்துக் கசடைக் கரைக்கப் பிறந்தவை, காப்பதற்கு அல்ல.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் எம்1 காரண்ட் போன்ற துப்பாக்கிகளைக் காஸ்மோலின் என்ற பழுப்புநிறக் களிம்பில் மூடிப் பெட்டிகளில் அடைத்தது. பல ஆண்டுகள் கழித்துப் பிரித்தபோதும் எஃகு பளபளவென்று இருந்தது. காப்பில் அதற்குக் குறையே சொல்ல முடியாது. ஆனால் அதன் இலேசான பகுதி நாளடைவில் பறந்து, எஞ்சியது கெட்டிப் பிசினாகி இண்டுகளில் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலிய வாடை துப்பாக்கிக் கட்டையின் மரத்துக்குள் ஊறிவிடும். கிடங்குக்காகச் செய்ததை வீட்டுக்குள் கொண்டுவருவதில் உள்ள சங்கடம் இது.

வாடையில்லாததெல்லாம் காப்பு அல்ல

அப்படியானால் வாடையே இல்லாத லிக்விட் பாரஃபினைப் பூசினால் போதுமே என்று தோன்றும். போதாது. தூய எண்ணெய்க்கு உலோகத்தின்மேல் தனிப் பிடிப்பு எதுவும் இல்லை. செங்குத்தாக நிற்கும் குழலில் அது மெல்ல வழிந்து இறங்கிவிடும். நீர்த்துளி எண்ணெயைத் தள்ளிவிட்டு உலோகத்தைத் தொட்டுவிடும். ஆக்சிஜனும் சிறிதளவு நீரும் எண்ணெயில் கரைந்தே உள்ளே போகும். தையல் எந்திர எண்ணெயை மட்டும் விட்டு வைத்த இரும்பு மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிப்பது இதனால்தான்.

நல்ல துருக்காப்பு எண்ணெயில் இன்னொரு சரக்கு கலந்திருக்கும்: கால்சியம் சல்ஃபோனேட் போன்ற முனைவுள்ள சேர்மங்கள். இவற்றின் மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலை இரும்புப் பரப்பைப் பற்றிக்கொள்ளும். நீண்ட ஹைட்ரோகார்பன் வால் வெளிப்பக்கம் நீட்டி நீரை விலக்கும். நெருக்கி நட்ட நாற்றைப் போல அவை பரப்பு முழுவதும் வரிசைகட்டி நிற்கும்போது நீர் உலோகத்தைத் தொட இடம் கிடைப்பதில்லை. இந்தச் சேர்மங்கள் கனத்தவை, ஆவியாவதில்லை, ஆகவே வாடையும் மிகக் குறைவு. ஒரு பூச்சில் வாடை குறைவாக இருப்பதோடு இத்தகைய துருத்தடுப்புச் சேர்மமும் இருந்தால்தான் அது நெடுங்காலக் காவலுக்குத் தகுதி பெறும். ஒன்றை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றமே.

நாள் கழித்துப் பிறக்கும் வாடை

சில பூச்சுகள் முதல்நாள் மணக்காது. ஆறு மாதம் கழித்துப் பீரோவைத் திறந்தால் மூக்கைப் பொத்த வைக்கும். தாவர எண்ணெய்கள் இந்த வகை. அவற்றின் கொழுப்பமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் உள்ள இடத்தை ஆக்சிஜன் தாக்குகிறது. சங்கிலி உடைந்து ஆல்டிஹைடுகள் என்னும் சிறு மூலக்கூறுகள் பிறக்கின்றன. சிக்கு வாடை என்று நாம் சொல்வது அதைத்தான். கூடவே அமிலங்களும் உருவாகின்றன; அவை துருவுக்குத் துணை போகின்றன. ஆளி விதை எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி என்பதால் அது கெட்டித் தோலாகவே மாறிவிடும். மரக்கட்டைக்கு மெருகேற்ற அது நல்லது. விசைப்பகுதிக்குள் போனால் எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிடும். தேங்காயெண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் குறைவு. ஆனால் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். ஈரம் பட்டால் பிரிந்து கொழுப்பமிலத்தை விடும். சமையலறை எண்ணெய் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் இதில் தனி வகை. அது கொழுப்பைவிட மெழுகுக்கே நெருக்கமானது, உலோகத்தை நன்றாகப் பற்றிக்கொள்ளும், எளிதில் சிக்கு வாடை பிடிக்காது. மழையில் நனையும் ஆட்டைக் காக்கும் அந்தப் பொருள் எஃகையும் நன்றாகவே காக்கிறது. ஆனால் முழுமையாகச் சுத்திகரிக்காத லனோலினில் ஆட்டு வாடை இருக்கும். வாங்கும்போது சுத்திகரித்த, நீர் நீக்கிய வகையா என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியில் கிளேவர் குடும்ப நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய பாலிஸ்டால் எண்ணெய் மருந்து வெள்ளெண்ணெயை அடிப்படையாகக் கொண்டது. ஆயினும் அதற்கே உரிய அழுத்தமான மணம் ஒன்று உண்டு. சிலருக்குப் பிடிக்கிறது, சிலருக்குத் தலைவலி வருகிறது. படுக்கையறைப் பீரோவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

களிம்பும் மெழுகும்

வாடையின்மைக்கும் நீடிப்புக்கும் ஒருசேர இடம் கொடுப்பவை களிம்பும் மெழுகும்தான். ராபர்ட் செஸ்ப்ரோ 1872இல் காப்புரிமை பெற்ற வாசலின், அதாவது வெண்மையாகச் சுத்திகரித்த பெட்ரோலியக் களிம்பு, ஏறத்தாழ வாடையற்றது, வழிந்தோடாது, தடித்த படலமாக நிற்கும். நம் கோடை வெயிலில் சூடான தகரப் பீரோவுக்குள் அது இளகும் என்பதுதான் குறை. அதே அடிப்படையில் துருத்தடுப்புச் சேர்மம் கலந்து செய்த, வாடை குறைந்த துருக்காப்புக் கிரீஸ்கள் நெடுநாள் சேமிப்புக்கு மிகப் பொருத்தமானவை.

அருங்காட்சியகக் காப்பாளர்கள் மெழுகை நம்புகிறார்கள். 1950களின் இறுதியில் பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வகத்தில் உருவான ரெனசான்ஸ் மெழுகு இன்றும் பழைய வாள்களுக்கும் கவசங்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் பயன்படுகிறது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகில் அமிலம் இல்லை; காலப்போக்கில் அமிலமாக மாறுவதும் இல்லை. தேன்மெழுகைவிட அது மேலானது என்று கருதப்பட்டதற்கு இதுவே காரணம். பூசும்போது கரைப்பான் வாடை வரும். காற்றோட்டமான இடத்தில் பூசி, கரைப்பான் முழுவதும் பறந்தபின் தேய்த்து மெருகேற்றிவிட்டால் வாடை அடங்கிவிடும். கைரேகையும் எளிதில் பதியாது. வெளிப்பரப்புக்கும் மரக்கட்டைக்கும் இதைப் போன்றது வேறில்லை. ஆனால் குழலின் உட்புறத்துக்கும் உராயும் பாகங்களுக்கும் எண்ணெயோ கிரீஸோதான் வேண்டும்.

ஆவியே காவலாகும் இடம்

வாடை என்பது வெறும் இழப்பு என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ஆவித் துருத்தடுப்பான் ஊறிய காகிதமும் பையும் அந்த வகை. அவற்றிலிருந்து மெல்லக் கிளம்பும் ஆவி மூடிய பைக்குள் பரவி, தூரிகை எட்டாத துளைகளிலும் எஃகின்மேல் படிந்து காக்கிறது. 1940களில் இந்த நுட்பம் இராணுவத் தளவாடங்களைப் பொதிவதில் பரவியது. அன்று முதன்மையாக இருந்தது டைசைக்ளோஹெக்சில் அம்மோனியம் நைட்ரைட். இத்தகைய அமீன்களோடு நைட்ரைட் சேர்ந்தால் நைட்ரோசமீன் என்னும் தீங்கான சேர்மம் உருவாகக்கூடும் என்பதால், வீட்டில் பயன்படுத்த நைட்ரைட் இல்லாத வகையையே தேர்ந்தெடுங்கள். பை இறுக மூடியிருந்தால் காவலும் உண்டு, அறைக்குள் வாடையும் வராது. பீரோவுக்குள் திறந்து போட்டால் இரண்டும் கெடும். பித்தளை, ஈயம், யானைத்தந்தப் பதிப்பு உள்ள பழம்பொருளாக இருந்தால், அவற்றுக்கு ஒத்துவருமா என்று பார்த்தபிறகே பயன்படுத்த வேண்டும்.

விளம்பரத்தைவிடத் தரவுத்தாளை நம்புங்கள்

குப்பியின்மேல் ‘வாடை குறைந்தது’ என்று யாரும் எழுதிக்கொள்ளலாம். உண்மையை அறிய அந்தப் பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். உலகளாவிய முறைப்படி அதில் 16 பகுதிகள் இருக்கும். 3ஆம் பகுதி உட்பொருளைச் சொல்லும். 9ஆம் பகுதியில் வாடை, ஆவியழுத்தம், தீப்பற்று வெப்பநிலை எல்லாம் இருக்கும். தீப்பற்று வெப்பநிலை 40 அல்லது 60 பாகை என்றிருந்தால் அதில் கரைப்பான் மிகுதி, பறப்பதும் மிகுதி. 150 பாகைக்கு மேல் இருந்தால் பெரும்பகுதி தங்கும் வகை. கூடவே தீ விபத்தின் அச்சமும் குறைவு.

உப்புநீர்த் தெளிப்புச் சோதனையில் இத்தனை மணி நேரம் தாங்கியது என்று பல நிறுவனங்கள் பெருமையாகச் சொல்லும். அந்த மணிக்கணக்கைப் பீரோவுக்குள் ஆண்டுக்கணக்காக மாற்றிச் சொல்ல எந்த வாய்பாடும் இல்லை. மூடிய இடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது ஏஎஸ்டிஎம் டி1748 என்னும் ஈரப்பதக் கூண்டுச் சோதனை. அந்த எண் கிடைத்தால் அதைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே ஒரு சோதனை வைக்கலாம். மென்எஃகுத் தகட்டுத் துண்டுகள் சிலவற்றை உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலில் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சைத் தடவுங்கள்; ஒன்றை வெறுமனே விடுங்கள். மழைக்காலம் முழுவதும் ஒரே இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு பூச்சிலும் சில துளிகளைச் சிறு கண்ணாடிக் குப்பியில் மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒருநாள் விட்டு முகர்ந்தும் பாருங்கள். உங்கள் ஊர்க் காற்றும் உங்கள் மூக்கும் தரும் தீர்ப்பு எந்த விளம்பரத்தையும்விட நம்பகமானது.

பாதி வேலை உலர்ந்த காற்றுடையது

எந்தப் பூச்சும் ஈரக்காற்றோடு தனியாகப் போராடக் கூடாது. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காட்டு ஈரப்பதமும் உள்ள காற்றில், 300 லிட்டர் கொள்ளளவுள்ள பீரோவுக்குள் இருக்கும் நீராவி ஏறத்தாழ 7 கிராம்தான். அதை 40 விழுக்காட்டுக்குக் கொண்டுவர 3.6 கிராம் நீரை எடுத்தால் போதும். சிலிகா ஜெல் அந்த நிலையில் தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீரைப் பிடிக்கும். கணக்குப்படி 20 கிராமே போதும். ஆனால் கதவிடுக்கு வழியாகவும் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் திரும்ப வருவதால் அரைக் கிலோவாவது வேண்டும். ஈரமானி ஒன்றும் வேண்டும். நீலநிறச் சிலிகா ஜெல்லில் உள்ள கோபால்ட் குளோரைடு நச்சுத்தன்மை கொண்டது. ஆரஞ்சு வகை நல்லது. நிறம் மாறியதும் 120 பாகை அளவில் சூடாக்கினால் மறுபடி பயன்படும். பீரோவின் உட்காற்றைச் சற்றே சூடேற்றும் தண்டும் உதவும்: 28 பாகையில் 80 விழுக்காடாக இருக்கும் காற்றை 33 பாகைக்கு ஏற்றினால் அது ஏறத்தாழ 60 ஆகிவிடும். ஆனால் சூடு ஏறினால் ஆவியாதலும் ஏறும். எனவே அங்கே வாடையுள்ள எண்ணெய் இரட்டிப்புத் தொல்லை.

தோல் உறையிலும் நுரைப்பஞ்சுப் பெட்டியிலும் வைத்து மூடாதீர்கள். தோலில் பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் இருக்கும். பஞ்சு ஈரத்தைப் பிடித்து எஃகோடு ஒட்டிவைக்கும். குளிரூட்டிய அறையில் இருந்த துப்பாக்கியை ஈரமான வெளிக்காற்றில் எடுத்தால் அதன்மேல் வியர்க்கும். துடைக்காமல் திரும்ப வைக்கக் கூடாது.

வைக்கும் முறை இதுதான். முதலில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, தோட்டாக்களைத் தனிப் பூட்டில் வையுங்கள். எண்ணெய் கசிந்தால் தோட்டாவின் தீப்பொறிக் குப்பி செயலிழக்கக்கூடும். கருமருந்து சுட்ட துப்பாக்கியானால் குழலை வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி நன்கு உலர்த்துங்கள். அந்தக் கசடின் உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். பிறகு குழலின் உள்ளும் விசைப்பகுதியிலும் துருத்தடுப்புச் சேர்மம் கலந்த, ஆவியாகாத, வாடை குறைந்த எண்ணெய் அல்லது கிரீஸ்; வெளிப்பரப்புக்கும் கட்டைக்கும் நுண்படிக மெழுகு. குழல் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தினால், வழியும் எண்ணெய் கட்டையின் மரத்தில் ஊறி அதை இற்றுப்போகச் செய்யாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையுறை அணிந்து எடுத்துப் பாருங்கள். காவல் நிலையத்தில் ஒப்படைப்பதானால், ஒப்படைக்கும் நாளுக்கு முன்பே இத்தனையும் முடித்துவிடுங்கள். அங்கே யாரும் உங்களுக்காகத் துடைக்கமாட்டார்கள். திரும்ப எடுத்துச் சுடுமுன் குழலில் உள்ள கிரீஸை ஒரு துளி விடாமல் துடைத்தெடுக்க வேண்டும். அடைப்புள்ள குழலில் அழுத்தம் எகிறிக் குழலே உப்பிப் பிளக்கக்கூடும்.

கடையில் நின்று எதை வாங்குவது என்று யோசிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதிலிருந்து பறக்க வேண்டியதெல்லாம் பறந்தபின் எஃகின்மேல் என்ன இருக்கும்? அதற்கு விடை சொல்லும் பொருளை வாங்குங்கள். வாடைப் பிரச்சினையும் அதோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.